மாடி சார் கேட்ட குழம்பு

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் தங்கை போன பிறகு அவளுடைய இரண்டும் என்னிடம்தான் வளர்ந்தன. ஐந்தும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கின்றன. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அதற்கு மேல் கேட்காதீர்கள். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கயல் எழுதுகிறாள். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. இன்றைக்கு லீவு. நடுவில் எழுந்து போகக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

இது ஒரு கேள்விக்குப் பதில். கேள்வி கொரியாவிலிருந்து வந்திருக்கிறது.

எங்கள் மாடிப் போர்ஷனில் பதினோரு வருஷம் குடியிருந்தவர் போன வருஷம் அவருடைய ஊரில் காலமானார். ஐம்பத்தாறு சாகிற வயசா? அவருடைய ஒரே மகள், கயலின் போனுக்கு எழுதியிருக்கிறாள். அடுத்த மாசம் முதல் வருஷப் படையலாம். அங்கேயும் நம்மைப் போலத்தான். இறந்த நாளில் மேசை போட்டு, சமைத்து வைத்து, கதவைத் திறந்து கூப்பிடுவார்கள். அப்பா படுத்திருந்த கடைசி நாட்களில் உங்கள் பூண்டு வத்தக்குழம்பைத்தான் கேட்டார், நான் கடையில் கிடைத்த பொடியைப் போட்டுச் செய்து கொடுத்தேன், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இது அது இல்லை என்று சிரித்தார், அதனால் படையலில் அதை வைக்க எனக்கு ஆசை என்று எழுதியிருக்கிறாள். ஆனால் வீட்டில் மூத்தவரான அப்பாவின் அத்தை கூடாது என்கிறாராம். சிவப்பு மிளகாயும் பூண்டும் ஆவியை விரட்டுகிற பொருள், அது இருக்கிற வீட்டுக்குள் இறந்தவர் வரமாட்டார் என்கிறாராம். நான் வைக்கட்டுமா, வேண்டாமா? வைத்து, அப்பா வராமல் போய்விட்டால் என்ன செய்வேன்? நீங்கள் சொல்வதைக் கேட்பேன். இதுதான் கேள்வி.

மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனில் பட்டென்று சொல்கிற பதில் இல்லை இது. அவரைச் சொன்னால்தான் பதிலும் வரும்.

பெயர் சொல்லப்போவதில்லை. அது என் வாயில் ஒரு நாளும் ஒழுங்காக வந்ததில்லை. தப்பாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மரியாதை. எங்கள் தெருவுக்கே அவர் மாடி சார்.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி கட்டுகிற தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸை விட்டு வரும்போது சென்னீர்குப்பத்தில் இந்த வீட்டைக் கட்டினோம். மாடியை வாடகைக்கு விட்டோம். பெங்களூர் ரோட்டில் உள்ளே தள்ளி, கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற ஒரு தொழிற்சாலை. அங்கிருந்து ஒரு ஆள் வந்து, வெளிநாட்டுக்காரர் ஒருத்தர், ஒரு வருஷம்தான் இருப்பார் என்றார். எனக்கு இஷ்டமில்லை. என்ன சாப்பிடுவாரோ, எப்படி இருப்பாரோ. வீட்டுக்காரர்தான் சரி என்று சொல்லிவிட்டார்.

வந்தார். முப்பத்தஞ்சு வயசிருக்கும். ஒல்லி. சட்டையை இஸ்திரி போட்டு டக் செய்து, காலில் மட்டும் ரப்பர் செருப்பு. நான் சாவியை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார், கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி. ஒரு சாவிக்கு எதற்கு இரண்டு கை? தண்ணீர் கொடுத்தேன், டம்ளருக்கும் இரண்டு கை. குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததும் இரண்டு கையால். புது இடம், பயந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பயமெல்லாம் இல்லை. பதினோரு வருஷமும் அப்படித்தான். பால் பாக்கெட் வாங்கினாலும் இரண்டு கை, குப்பைக்காரம்மாவிடம் குப்பையைக் கொடுத்தாலும் இரண்டு கை. அந்த அம்மா என்னிடம் வந்து, "இன்னாம்மா, உங்க மாடி சாரு குப்பைய எதோ குழந்தையத் தூக்கிக் குடுக்கிற மாதிரி குடுக்கிறாரு, வாங்கறதுக்கே எனக்கு வெக்கமா கீது" என்றாள். தெருவில் பிள்ளைகள் அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக் கேலி செய்யும். அவர் பதிலுக்கு இரண்டு கையால் அவர்களுக்கு ஒன்றும் இல்லாததைக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவர் ஊரில் பெரியவர்களுக்குக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் மட்டும்தான் இரண்டு கையாம். அப்படியானால் இங்கே எதற்கு எல்லாருக்கும் என்றேன். அதற்கு அவர் சொன்னது இது:

"இங்க யாரு பெரியவங்கன்னு எனக்குத் தெரியாது அம்மா. அதனால எல்லாருக்கும்."

இதைச் சொல்லும்போது அவர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, தமிழ் வந்துவிட்டது. என்ன தமிழ் என்று கேளுங்கள். தொழிற்சாலையில் மெஷினில் நிற்கிற ஆட்களிடம் கற்ற தமிழ். முதல் தடவையாக என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார், படிக்கட்டில் நின்று, தலையைக் குனிந்து, ரொம்ப மரியாதையாக. "இன்னா அம்மா, துன்ட்டியா?" என்றார். வீட்டுக்காரர் வாயில் காபி. அது புரையேறி, நான் முதுகில் தட்டி, அன்றைக்குப் பெரிய கூத்து. என் வீட்டுக்காரருக்கு நைனா என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார். மேனேஜர் மாதிரி பேசுங்களேன் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். "மேனேஜர் பேசினா அங்க யாரும் கேக்க மாட்டேங்கறாங்க நைனா" என்றார் மாடி சார்.

அதுதான் அவருடைய சாமர்த்தியம் என்று பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. ஒரு வருஷம் சரக்குச் சோதிக்க வந்தவர். ரப்பர் பட்டை மெஷினிலிருந்து வரும், அதை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே முழு நீளத்துக்கும் நடப்பாராம். ஒரு கையால் தொட்டால் ஒரு பக்கம்தான் தெரியும் என்பார். எங்கேயாவது சின்ன மேடு இருந்தால் நின்றுவிடுவார். நின்ற இடத்தில் மெஷின் ஆளைத் திட்டமாட்டார். அவனுடைய கையையும் பிடித்து அந்த இடத்தில் வைப்பார். அவ்வளவுதான். அவர் நாட்டு மேனேஜர்கள் கண்ணாடி அறைக்குள் இருந்தார்கள், இவர் ஆட்களோடு நின்றார். ஒரு வருஷம் இரண்டாயிற்று, சோதிக்கிறவர் ஒரு லைனுக்குத் தலைவர் ஆனார், பிறகு இரண்டு லைனுக்கு, பிறகு தொழிற்சாலைக்கே இரண்டாவது ஆள்.

ஒவ்வொரு தடவை உயரும்போதும் கம்பெனியில் சொல்வார்களாம், பட்டணத்தில் உயரமான கட்டடம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, உன் நாட்டுக்காரர்கள் எல்லாரும் அங்கேதான், நீயும் போ என்று. ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு ஸ்வீட் பெட்டியை இரண்டு கையால் என்னிடம் கொடுத்து, போகவில்லை என்று சொல்லிவிட்டு மேலே ஏறுவார். என் குழம்புக்காகத்தான் இருக்கிறார் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை.

குழம்பைச் சொல்லிவிடுகிறேன். அவர் ஊர்ச் சாப்பாட்டிலும் மிளகாயும் பூண்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூண்டு வத்தக்குழம்பு வைத்து இறக்கும்போது மாடியிலிருந்து இறங்கி வந்து சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றார். "குயம்பு வாசனை மேல வந்துச்சு" என்றார். கேட்கவில்லை, சொன்னார். ஒரு கிண்ணம் கொடுத்தேன். வெறும் குழம்பையே நின்ற இடத்தில் குடித்தார். கண்ணில் தண்ணீர் வழிகிறது, நிறுத்தவில்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் எவர்சில்வர் தூக்கில் அவருக்குக் குழம்பு போகும். காலையில் வண்டியில் ஏறும்போது தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் போவார்.

இப்போது மகள் கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் வாசல் கேட்டில் நான் திருஷ்டிக்குக் கட்டுவேன். எலுமிச்சம்பழம், காய்ந்த மிளகாய் ஏழு, ஒரு கரித்துண்டு, நூலில் கோத்து. அவர் குடிவந்த அன்றைக்கே அதைப் பார்த்துவிட்டு நின்றார். அவர் ஊரிலும் குழந்தை பிறந்தால் வைக்கோல் கயிற்றில் மிளகாயும் கரியும் கோத்து வாசலில் கட்டுவார்களாம், வேண்டாதது உள்ளே வராமலிருக்க. கையைக் காட்டிக் காட்டி அதைச் சொன்னார். எனக்குச் சந்தோஷம், மிளகாய்க்கு அங்கேயும் மரியாதை இருக்கிறதே என்று.

அந்த வருஷமே ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் பார்க்கிறேன், கேட்டில் மிளகாய்ச் சரம் இல்லை. அறுந்து விழவில்லை. யாரோ முடிச்சை அவிழ்த்து எடுத்திருக்கிறார்கள். அதே சாயங்காலம் என் வீட்டுக்காரர் கரையான்சாவடியில் ஸ்கூட்டரோடு விழுந்து முழங்காலில் தையல் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் சரம் பழையபடி கேட்டில் தொங்குகிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேலே ஏறிப் போனேன். நீங்கள்தானே அவிழ்த்தீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் காலைப் பாருங்கள், இந்த வீட்டில் நீங்கள் இருக்க வேண்டாம், மாசக் கடைசியில் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்போது அவருக்கு அவ்வளவு தமிழ் இல்லை. குனிந்து நின்றார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு மேசையைக் காட்டினார்.

மேசையில் ஒரு வயசானவர் படம். முன்னால் பழங்கள், மேல்பக்கம் மட்டும் சீவியது. ஒரு மீன். அணைந்துபோன ஊதுவத்தி. எனக்குப் புரிந்துவிட்டது. என் மாமியாருக்கு ஆடி அமாவாசைக்கு நான் வைக்கிறது வேறென்ன? அவர் படத்தைக் காட்டினார். கேட்டைக் காட்டினார். மிளகாயைச் சுட்டிக் காட்டிவிட்டு, ஒரு மனுஷன் கேட்டு வரைக்கும் வந்து, நின்று, திரும்பிப் போகிற மாதிரி இரண்டு விரலால் மேசைமேல் நடந்து காட்டினார்.

இறங்கி வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவரு அப்பா உள்ள வர்றதுக்கு வழி விட்டிருக்காரு, நீ வீட்டையே காலி பண்ணச் சொல்லிட்டு வந்திருக்கே. ஸ்கூட்டர்ல விழுந்தது நான், பிரேக் தேஞ்சுபோனது எனக்குத்தான் தெரியும்" என்று அவர் சிரித்தார். மறுபடி மேலே போய் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. குழம்பு கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வருஷத்திலிருந்து அந்த நாளில் சரத்தை நானே அவிழ்த்து வைத்துவிடுவேன். அவர் மத்தியானம் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார், என்ன வேலை இருந்தாலும். ஊரில் இருக்கிற தம்பி சர்ச்சில் சேர்ந்து படையலை விட்டுவிட்டாராம். மூத்தவரான இவர் ஒருத்தர்தான் மிச்சம். மனைவிக்கு அங்கே பள்ளிக்கூட வேலை, இவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு, அதனால் பெண்ணோடு அங்கேயே இருந்துவிட்டார். இவர் தனியாகவே சமைப்பார். மிளகாய் கிடையாது, பூண்டு கிடையாது. நான் கதவோரம் உட்கார்ந்து பார்ப்பேன். கதவைத் திறந்து வைப்பார். ஊதுவத்தி ஏற்றுவார். இரண்டு தடவை தரையில் நெற்றி பட விழுவார். உயிரோடிருப்பவருக்கு ஒரு தடவை, போனவருக்கு இரண்டு தடவை. சோற்றில் கரண்டியைச் செங்குத்தாக நட்டு வைப்பார். பிறகு, அப்பா நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார். நாமும் சாத்துவோமே, அதே மாதிரி. மறுபடி உள்ளே போகுமுன் மூன்று தடவை இருமுவார், இதோ வருகிறேன் என்று சொல்வதற்கு. இந்த இருமல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இப்போது எங்கள் வீட்டுப் படையலிலும் நான் இருமிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். மருமகள்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

உயரமான கட்டடத்துக்கு ஏன் போகவில்லை என்பதற்கும் மீதிப் பாதிக் காரணம் இதுதான். "அப்பாவுக்கு இந்த வீடு தெரியும். அங்க போனா மறுபடி வழி சொல்லணும்" என்றார் ஒரு தடவை.

எட்டாவது வருஷம் அந்த நாள் வந்தபோதுதான் நான் தப்புச் செய்தேன். பெரிய தப்பு.

தொழிற்சாலைக்கு முதல் ஆளாக யாரைப் போடுவது என்று முடிவு பண்ண, அவர் ஊரிலிருந்து பெரியவர்கள் அன்றைக்குத்தான் வருகிறார்கள். சாயங்காலம் வரை இருந்து எல்லா லைனையும் இவர்தான் சுற்றிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி அறை ஆட்களில் ஒருத்தருக்குப் போய்விடும். இவர் இரண்டு மணிக்கே கிளம்புவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்பெனியில் அவருக்கு மேலே இருந்தவர் சிரித்துவிட்டு, செத்தவர் நாளைக்கும் வருவார், இவர்கள் வரமாட்டார்கள், நீயே தேர்ந்தெடுத்துக்கொள் என்றிருக்கிறார். காலையில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், ரப்பர் செருப்போடு. அதுவரை அவர் படிக்கட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கேட்டேன், சொன்னார். வேலை போனால் போகட்டும், எட்டு வருஷம் போதும், ஊருக்கே போய்விடுகிறேன் என்றார்.

எனக்கு அவர் கை அந்த ரப்பர் பட்டைமேல் நடக்கிறதுதான் கண்ணில் வந்தது. இத்தனை வருஷம் நடந்த நடை.

"நீங்க போங்க தம்பி. மேசைய நான் வைக்கிறேன். ஏழு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன்.

அவர் எழுந்து மேலே போய் அப்பாவின் படத்தை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நானும் இரண்டு கையால் வாங்கினேன்.

காலையிலிருந்து சமைத்தேன். என் அடுப்பில் அன்றைக்கு ஒரு பல் பூண்டு இல்லை, ஒரு மிளகாய் இல்லை. மீனை ஆவியில் வேகவைத்து, தலை கிழக்கே பார்க்க வைத்தேன். சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளை மேற்கே. ஆறு மணிக்குச் சோறு ஆவி பறக்க வைத்துக் கரண்டியை நட்டேன். கதவைத் திறந்து, எனக்குத் தெரிந்த தமிழில் வாங்கய்யா, உங்க பிள்ளை வேலையில இருக்காரு, கோவிச்சுக்காம சாப்பிடுங்க என்றேன். கதவைச் சாத்தினேன். மூன்று தடவை இருமினேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. இறங்கி வந்து வீட்டுக்காரரிடம் அவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

ஆறரைக்கு அவர் வந்தார். வண்டியிலிருந்து இறங்கும்போதே முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, கிடைத்துவிட்டது. கேட்டைத் திறக்கக் கையை வைத்தவர் அப்படியே நின்றார். உள்ளே வரவில்லை. அவர் பார்க்கிற இடத்தை நானும் பார்த்தேன்.

கேட்டில் மிளகாய்ச் சரம் தொங்கியது. ஒன்றில்லை, இரண்டு. இரண்டும் அன்று காலையில் நான் கட்டியது. அத்தனை பேர் ஆசைப்படுகிற பதவி, யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று, அவர் வண்டி கிளம்பிப் போனதும் பழைய சரத்தைக் கழற்றிவிட்டுப் புதுசாக இரட்டைச் சரம் கட்டினேன். அவருக்காகத்தான் கட்டினேன். கட்டிவிட்டு உள்ளே போய், மிளகாய் இல்லாமல் சமைக்கிறோமே என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து பிள்ளைகளை வளர்த்ததில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் மருந்து மாற்றிக் கொடுத்ததில்லை.

"எத்தினி மணிக்கு வச்சீங்க அம்மா?" என்றார்.

"ஆறு மணிக்கு. என்னால உங்கப்பா வாசல்லயே நின்னுட்டாரே, தம்பி."

அவர் இரண்டு சரத்தையும் முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார். அறுக்கவில்லை. அவிழ்த்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"அரை மணிதான் அம்மா. அவரு நிப்பாரு. ஸ்கூல் விட்டா என்னைக் கூட்டிகினு போக வருவாரு, மெக்கானிக் துணி, எல்லாம் கிரீஸு. கேட்டுக்குள்ள வரவே மாட்டாரு, வெளியவே நிப்பாரு. நான்தான் எப்பவும் லேட்டு."

சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போனார். எதிர் வீட்டு முருங்கை மரத்தடியில் நின்று குனிந்தார், அவருடைய பாஷையில் என்னவோ பேசினார். பிறகு திரும்பி வந்தார். நேராக வரவில்லை, ஓரமாக நடந்து வந்தார், பக்கத்தில் ஒரு ஆள் வர இடம் விட்டு. படிக்கட்டிலும் சுவரோடு ஒட்டி ஏறினார். எதிரே வந்த என் வீட்டுக்காரர், எப்போதும் எதையாவது சொல்லிக் கிண்டல் பண்ணுகிற மனுஷர், ஒதுங்கி, தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் புதுசாகச் சோறு வடித்தேன். ஆறின சோற்றை வைக்கக் கூடாது. அவர் விழுந்து கும்பிட்டார், கதவைச் சாத்தினார், இருமினார். முதல் ஆள் ஆனதை அப்பாவிடம் அதற்கப்புறம்தான் சொன்னார். எங்களிடம் அதற்கும் அப்புறம்.

மூன்று வருஷம் முதல் ஆளாக இருந்தார். முதல் ஆளான பிறகும் குப்பைக்காரம்மாவுக்கு இரண்டு கைதான். பிறகு ஊரிலேயே பெரிய பதவி கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கிளம்புகிற அன்று என் முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டார், ஒரு தடவை. நான் ஒரு தூக்கு நிறையக் குழம்பு கொடுத்தேன், மேலே நல்லெண்ணெய் மிதக்க, பத்து நாள் தாங்குகிற மாதிரி சுண்ட வைத்தது. பெட்டியெல்லாம் போட்டுவிட்டு, தூக்கை மட்டும் கையிலேயே வைத்திருந்திருக்கிறார். விமானத்துக்குப் போகிற வழியில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்களாம். குழம்பைக் கையில் கொண்டு போகக் கூடாதாம், சட்டமாம். இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள் என்றிருக்கிறார்கள். அவர் போடவில்லை. வெளியே வந்து, டிரைவரைத் திரும்பக் கூப்பிட்டு, கடையில் இட்லி வாங்கி, இரண்டு பேரும் வாசல் ஓரமாக உட்கார்ந்து முடிந்தவரைக்கும் சாப்பிட்டிருக்கிறார்கள். மிச்சத்தை டிரைவர் எடுத்துக்கொண்டார். அங்கிருந்து எனக்குப் போன். "முழுசாக் கொண்டு போவ முடியல அம்மா" என்றார். ஒரு குழம்புக்கு அந்தக் குரல் எதற்கு என்று அன்றைக்கு நினைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் போனபோது, கயல் வீடியோவில் காட்டினாள். அந்தப் பக்கம் அவர் எழுந்து நின்று, இரண்டு தடவை விழுந்து கும்பிட்டார். இரண்டாவது தடவை எழுந்திருக்க நேரமாயிற்று. அப்போதே உடம்பு சரியில்லையோ என்னவோ, எங்களிடம் சொல்லவில்லை.

சரி. இப்போது அந்தப் பெண்ணுக்கு.

அம்மா, உன் அப்பாவின் அத்தை சொல்வது சரி. மேசையில் மிளகாயும் வேண்டாம், பூண்டும் வேண்டாம். அவருக்குப் பிடித்ததாயிற்றே, அவருக்கு மட்டும் வைத்தால் என்ன என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் என் குழம்பைக் குடித்த மனுஷன், அவர் அப்பாவுக்கு என்று வந்தால் ஒரு வருஷமாவது ஒரு சொட்டு வைத்தாரா? இல்லை. நீயும் அப்படியே செய். பொம்பளைப் பிள்ளை வைக்கலாமா என்று யாராவது கேட்டால், உன் தாத்தாவுக்குச் சென்னீர்குப்பத்தில் ஒரு பொம்பளை வைத்தாள், அவர் அரை மணி தாமதமாக வந்தாலும் வந்து சாப்பிட்டார் என்று சொல்.

எல்லாம் முடியட்டும். அவர் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும். வழியனுப்பக் கதவைத் திறப்பாய் இல்லையா, அப்போது வாசலுக்கு வெளியே போய் நில். உள்ளே வருகிற வழியில்தான் மிளகாய் ஆகாது. போகிற வழியில் ஒன்றுமில்லை. குழம்பை ஒரு தூக்கில் ஊற்றி, மூடி, இரண்டு கையாலும் நீட்டு. பொடியும் வத்தலும் கயல் நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறாள். பூண்டை நல்லெண்ணெயில் சிவக்க வதக்கு, கருக விடாதே, புளித் தண்ணீர் பாதியாகச் சுண்டுகிற வரைக்கும் இறக்காதே. முழுத் தூக்கும் கொடு, அவரே கொண்டு போவார். இந்தத் தடவை பையைத் திறந்து காட்டச் சொல்ல வழியில் யாரும் இல்லை.

அவ்வளவுதான். கயல், கண்ணைத் துடைத்துக்கொள், எழுத்தெல்லாம் நனைகிறது. இதை இங்கிலீஷில் மாற்றுகிறேன் என்று குப்பைக்காரம்மாவை விட்டுவிடாதே, இருமலையும் விட்டுவிடாதே. எங்கே, முதலிலிருந்து மெதுவாகப் படித்துக் காட்டு. நான் கேட்கிறேன்.